கை மட்டும் மிச்சம்

செல்போன் இருமியது.

மேசைமேல் மல்லாந்து கிடந்த அது, மூட்டை தூக்குகிறவரின் தூசி ஏறிய இருமலையே, கடைசியில் வரும் அந்தச் சின்ன விசிலோடு சேர்த்து இருமிவிட்டு அடங்கியது. அவர் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார். அப்போதுதான் உறைத்தது: காலையிலிருந்து தனக்கு இருமலே வரவில்லை.

சாக்கு பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்துபோன விரல் அவருடையது. எத்தனை முறை அழுத்தினாலும் திரை அதை ஏற்காது. அதனால் எல்லாமே வாய்ச்சொல்தான். ஏறிய மூட்டை, இறங்கிய மூட்டை, வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடம் கேட்கும் சாப்பாட்டு விசாரணை, எல்லாவற்றையும் போனிடம் சொல்லிவிடுவார். கம்பெனி கொடுத்த சன்னலில்லாத அந்த அறையின் கதவுகூட, உள்ளேயிருந்தானாலும் வெளியேயிருந்தானாலும், போனில் அவர் குரல் கேட்டால்தான் திறக்கும். மகளின் பள்ளிப் பாடத்தை எட்டிப் பார்த்து, நரை விழுந்த வயதில் கற்றுக்கொண்ட எழுத்து மட்டும், எழுத வேலையில்லாமல் கையிலேயே காய்ந்துவிட்டது.

மறுநாள் கிடங்கில், சுமையோடு அவர் முனகும் பாட்டு சட்டைப் பையிலிருந்து வந்தது. தொண்டையில் காற்றுதான் மிச்சம்.

"என்னண்ணே, சம்பளத்தோட பேச்சையும் பிடிச்சிக்கிட்டாங்களா?" என்றான் கூட்டாளி.

அவர் வாயைத் திறந்தார். பை பேசியது: "ஒண்ணுமில்லடா, தொண்டை கட்டிக்கிச்சு."

கூட்டாளி சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

போனைக் கிடங்குத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, அங்கேயே விட்டுவிட்டு வந்தார். கதவு திறந்தே கிடந்த அறைக்குள் அவர் நுழைந்ததும், அது பின்னால் சாத்திக்கொண்டது. மேசைமேல் போன். சொட்டச் சொட்ட ஈரம்.

உட்கார்ந்தார். மூட்டைக்குக் குறி போடும் கறுப்பு மார்க்கரை எடுத்தார். அட்டைப்பெட்டியைக் கிழித்து எழுதினார். முனை அட்டையில் உரசும் சரசரப்பும், மூக்கில் ஏறும் மையின் காரமும், சுழி வளையும்போது மணிக்கட்டும் கூடவே வளைகிற சுகமும், எத்தனை காலம் ஆயிற்று! பயத்துக்கு நடுவிலும் உதடு தானாக விரிந்தது. பேச்சைத்தானே எடுத்தாய், வைத்துக்கொள். இது என் கை.

கதவு தட்டப்பட்டது.

"அப்பா, நான்தான். ஏன் போன்ல வராத வராதன்னே சொல்றீங்க? மனசு கேக்கல, வந்துட்டேன்."

மேசையிலிருந்து அவர் குரல்: "நான் வீட்ல இல்ல பாப்பா. வெளியூர் லோடு. திரும்பிப் போயிடு."

அவர் கதவை இரண்டு கையாலும் குத்தினார். பிறகு அட்டையில் எழுதிக் கதவடியில் தள்ளினார்: பாப்பா, நான் உள்ளே.

அட்டை வெளியே உருவப்பட்டது.

"அப்பா... இது நீங்கதான். 'பா'வுக்குக் காலை இவ்வளவு கோணலா உலகத்துல வேற யாரு போடுவா!"

"நம்பாத பாப்பா. உள்ள திருடன் பூந்துட்டான். ஓடு."

"நீ வாயை மூடு! அப்பா, எழுதிக்கிட்டே இருங்க. கதவை உடைக்க ஆள் கூட்டிட்டு வரேன்."

செருப்புச் சத்தம் ஓடி மறைந்தது.

எழுதினார். அட்டை தீர்ந்தது. கதவிலேயே எழுதினார். விரல் மரத்தது. மணிக்கட்டு. முழங்கை. மார்க்கர் நழுவியது. வலது கை செத்த பாம்பாகத் தொங்கியது.

இடது கையால் எடுத்தார்.

நீ இதைப் பார்த்ததே இல்லையே.

எழுத்து தாறுமாறாக ஓடியது. ஓடட்டும். பெரிதாக, இன்னும் பெரிதாக.

தோளில் ஓர் இழுப்பு. வலது கை அசைந்தது. அவர் அசைக்கவில்லை. அது பின்னால் நீண்டது, மேசைப் பக்கம்.

டிக்.

என்றுமே ஏற்காத அந்தத் தேய்ந்த விரலுக்குத் திரை திறந்துகொண்டது.

அவர் திரும்பவில்லை. முன்னால், இடது கை கதவு முழுக்க எழுதியது: வா. பின்னால், வெளிச்சத் திரையில், அவருடைய அதே கோணல் எழுத்தில், வலது கை நிதானமாக மகளுக்கு எழுதிக்கொண்டிருந்தது: வராதே.