ஜெபத்துக்கு வருகிறவர்

மழை விட்ட சாயங்காலம். குலசேகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரப்பர் தோட்டத்தைத் தாண்டி என் தம்பி அனிஷின் புது வீட்டுக்குப் போனேன். அவன் குவைத்தில் இருக்கிறான். வீட்டில் அவன் மனைவி ஜெஸ்மி மட்டும்.

"அக்கா, ஜெஸ்மி லைவ்ல ஜெபம் பண்ணும்போ தெனமும் ஒருத்தன் வாறான். பேரு இல்ல, படம் இல்ல. ஆமென்னு மட்டும் போடுதான். ஒண்ணு போய் பாரேன்" என்று அனிஷ் போனில் புலம்பியிருந்தான்.

சந்தேகம் என்று வந்துவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வாசலில் ஆண் செருப்பு கிடக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை.

கூடத்தில் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். ஒன்றின் மெத்தை அமுங்கியிருந்தது. உட்காரப் போனேன்.

"அதுல இருக்காதீங்க, மைனி."

"யாருட்டி அவன்?" நேராகவே கேட்டேன்.

"தெரியாது மைனி. தனியா இருக்க முடியல்லன்னு ஒருநாள் எழுதிப் போட்டேன். முந்நூறு பேரு ஹார்ட்டு போட்டாங்க. நீங்களும் போட்டீங்க. ஒருத்தரும் வரல்ல. அண்ணைக்கு முதல் இது வருது."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது.

இருட்டியதும் குடும்ப ஜெபம். அனிஷும் பார்க்கட்டும் என்றுதான் ஜெஸ்மி அதை லைவாக நடத்தத் தொடங்கினாளாம். நான் போனைப் பிடுங்கி அந்த ஆளை பிளாக் செய்தேன். போனையும் அணைத்தேன்.

"இன்னைக்கு நம்ம ரெண்டு பேரும் மதி, வேற யாரும் வேண்டாம்."

அவள் முகம் வெளுத்தது. "வேண்டாம் மைனி. அந்த வழிய அடைச்சா..."



கண்களை மூடினோம். ஜெஸ்மி ஜெபித்தாள். வெளியே ரப்பர் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆமென்" என்றாள்.

"ஆமென்" என்றேன்.

"ஆமென்."

என் காதருகே.

ஆணா பெண்ணா என்று பிடிபடவில்லை. ஈர மண் வாடை அடித்தது. கண்ணைத் திறந்தேன். யாரும் இல்லை.

கர்த்தாவே! அப்போதே அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்துப் புதுக்கடையில் உள்ள என் வீட்டுக்கு வந்தேன். இனி இவளைத் தனியாக விடுவதில்லை என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஜெபத்துக்கு முன்னால் எல்லாப் போனையும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சோபாவில் நான். எதிரே என் வீட்டுக்காரரும் ஜெஸ்மியும். நான் மட்டும் கண்ணை மூடவில்லை.

மூன்று பேர் இருந்தோம். நான்கு ஆமென் கேட்டது.

"பேடிக்காதீங்க, மைனி" என்று ஜெஸ்மி கிசுகிசுத்தாள். "நான் கூப்பிட்டப்ப வந்தது அது மட்டும்தானே."

சோபாவில் என் பக்கத்து மெத்தை மெல்ல அமுங்கியது.