செவந்தியின் கரிக்கோள்

ரஷ்யாக்காரர் ஒருவர் ஆகாயத்துக்குப் போய்விட்டு உயிரோடு திரும்பி வந்த வருஷம் அது. அரிமளத்துக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் பாதிப்பேர் அதை நம்பவில்லை. மீதிப்பேருக்கு அந்தச் சேதியே வந்து சேரவில்லை.

ரத்தினவேல் வாத்தியார் நம்பினார். ஊருக்கு ஒரே பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியார். அவர் ஒரு நாள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

“நம்ம மைதானத்துல சூரியக் குடும்பத்தையே நிறுத்தப் போறோம். இன்னும் மூணு நாள்ல கண்காட்சி. அரிமளத்துப் பிள்ளைங்கள்லாம் பார்க்க வர்றாங்க. அவங்கவங்க வீட்டுல என்ன கெடக்கோ அதக் கொண்டாங்க!”

தேனப்பன் வீட்டில் பெரிய பூசணிக்காய் கிடந்தது. அது வியாழன் ஆனது. எலுமிச்சம்பழம் ஒன்று பூமி ஆனது. விளாங்காயைச் சுற்றிப் பனையோலையில் வளையம் மாட்டி, அதைச் சனி என்றார்கள். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, வட்டத் தகரமாக்கி, சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்து, உயரமான மூங்கிலில் தொங்கவிட்டார் வாத்தியார். அதுதான் சூரியன்.

செவந்தி வீட்டில் கரிதான் கிடந்தது.

அவள் அப்பா மலையாண்டிக்கு மூட்டம் போடுகிற வேலை. விறகை அடுக்கி, மேலே மண்ணைப் போட்டு மூடி, உள்ளுக்குள்ளேயே புகையவிட்டுக் கரியாக்குவார். அந்த வீட்டில் சட்டி கறுப்பு, சுவர் கறுப்பு, பூனைகூடக் கறுப்பு. முஷ்டி அளவுக்கு ஒரு நல்ல கரித்துண்டைத் தேடி எடுத்து வந்தாள் செவந்தி.

“ஏய் கரிச்சி, சார் என்ன அடுப்பா பத்தவைக்கச் சொன்னாரு?” என்றான் தேனப்பன். வகுப்பே சிரித்தது. செவந்தி கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

வாத்தியார் சிரிக்கவில்லை. “குடு இங்கிட்டு,” என்று வாங்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான கல்லுங்க சுத்துது. சிறுகோள்னு பேரு. அதுல சிலது இதே மாதிரி கரிக்கட்டையா இருக்கும்ங்கறாங்க. மேல விழுகுற வெளிச்சத்தத் திருப்பி அனுப்பாம முழுங்கிக்குமாம். அதனாலதான் அதக் கண்டுபிடிக்கிறதே கஷ்டம்.”

“அது அங்க என்ன சார் செய்யும்?” என்று கேட்டாள் செவந்தி.

“ஒண்ணும் செய்யாது. அதுபாட்டுக்குச் சும்மா சுத்தும்.”

செவந்திக்கு அது பிடித்திருந்தது. செவ்வாய்க்கும் பூசணிக்காய்க்கும் நடுவே ஒரு செங்கல்லைப் போட்டு, அதன்மேல் கரித்துண்டை வைத்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது நான்கு தடவை திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகள் அதற்குக் கரிக்கோள் என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில்தான் வினை வந்தது.

மைதானத்துக்குக் கிழக்கே சோலையப்பன் என்ற பெரியவரின் மாட்டுக்கொட்டில் இருந்தது. அதன் வாசல் பள்ளிக்கூடத்தைப் பார்த்து இருக்கும். பக்கத்திலேயே அவருடைய கிணறு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குடிப்பது அந்தத் தண்ணீர்தான். சோலையப்பன் தபால்காரரை நம்பமாட்டார், தராசுக்காரரை நம்பமாட்டார். ஆனால் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கமாட்டார். அதனால் அவரை மட்டும் எல்லோரும் நம்பினார்கள்.

அவர் காலிச் செம்போடு மைதானத்துக்குள் வந்தார்.

“வாத்தியாரே! எங்க மயிலி ஒரு நாளும் கால் ஒதறுன மாடு இல்ல. இன்னைக்குச் செம்பை எத்தி விட்டிருச்சு. பாலையும் அடக்கிக்கிருச்சு. எல்லாம் நீங்க நட்டுவச்ச கிரகத்தால வந்தது!”

“அய்யா, இது பாடத்துக்குச் செஞ்ச பொம்மை. கோயில்ல இருக்குற நவக்கிரகம் இல்ல.”

“எனக்குத் தெரியாதா? அந்தா, சனி பகவான என் கொட்டிலுக்கு நேரா உக்கார வச்சிருக்கீங்க!” என்று கரித்துண்டைக் கையால் காட்டினார்.

தேனப்பன் முன்னால் வந்தான். “தாத்தா, அது சனி இல்ல. சனி அந்த விளாங்காய்தான்.”

“போடா, விளாங்காயாம்! சனின்னா கறுப்பு. எனக்கே சொல்லிக்குடுக்க வந்துட்டான்.”

வாத்தியார் பூமி, வெள்ளி, வியாழன் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். அவர் நல்லவர்தான். ஆனால் நல்லவர் சொன்னால் ஊர் கேட்டுக்கொள்ளும் என்று யார் சொன்னது? சோலையப்பன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

“இன்னைக்குள்ள அந்தக் கறுப்பு கெளம்பணும். இல்லேன்னா கெணத்துக் கயித்த உருவிருவேன். தண்ணி வேணும்னா ஆகாசத்துலேர்ந்து எறக்கிக் குடிங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகள் கரித்துண்டைச் சுற்றிக் கூடினார்கள்.

“ஆயிரம் கல்லு இருக்கே, ஒண்ணு கொறஞ்சா என்ன? தூக்கிப் போட்ருவோம்,” என்றான் தேனப்பன். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் தண்ணீர்க் குவளையோடு கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செவந்தி அவர்களைப் பார்த்தாள். பிறகு கரித்துண்டை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். செங்கல் மட்டும் வெறுமனே கிடந்தது.

அன்று சாயங்காலம் மயிலி ஒழுங்காகக் கறந்தது. “பாத்தீங்களா? போச்சு, சரியாப்போச்சு!” என்று சோலையப்பன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்த செவந்தி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“ஏத்தா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?” என்று கேட்டார் மலையாண்டி. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் தன் கறுத்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். “இருவது வருஷமா இதோடதான் கெடக்கேன். கரி ஒருத்தரையும் ஒண்ணும் பண்ணாது ஆத்தா. சுடும்தான். அதுவும் நாம பத்தவச்சாத்தான்.”

செவந்தி படுத்தபடி யோசித்தாள். கல்லை வைத்தது நேற்று. அன்றைக்குச் சாயங்காலமும் மயிலி கறந்திருக்குமே? காலையில் மட்டும் ஏன் உதைத்தது?

மறுநாள் விடிந்ததும் பையை மாட்டிக்கொண்டு ஓடினாள். கொட்டில் பக்கம் போகும்போதே கன்றுக்குட்டி கத்துவது கேட்டது. வாசலில் சோலையப்பன் நின்றார். தோளில் கிணற்றுக் கயிறு வளையமாகத் தொங்கியது. காலடியில் செம்பு கவிழ்ந்து கிடந்தது.

“வா. ராத்திரியே வந்து அந்தக் கல்லத் திரும்ப வச்சுட்டுப் போயிட்டீல்ல?”

“இல்ல தாத்தா. கல்லு எங்கிட்டத்தான் இருக்கு.” பையைத் திறந்து காட்டினாள். நோட்டெல்லாம் கரி அப்பியிருந்தது.

சோலையப்பன் பைக்குள் எட்டிப் பார்த்தார். “அப்ப அந்த எடமே கெட்டுப்போச்சு! இப்பவே போயி எல்லாத்தையும் பிடுங்கி எறியுறேன். பூசணிக்காயாவது, சூரியனாவது!”

கன்று மறுபடியும் கத்தியது. பாவம், அதற்கும் பசி. மயிலி பாலை அடக்கியதில் அதன் வயிறும் ஒட்டிப்போயிருந்தது.

“தாத்தா, ஒரே ஒரு தடவை கறந்து பாருங்க. நான் கன்னுக்குட்டியப் பிடிச்சுக்கிறேன். அப்பவும் ஒதறுச்சுன்னா நானே வந்து எல்லாத்தையும் பிடுங்குறேன்.”

“ஒன்ன நம்புறதா?”

“நம்ப வேணாம். பக்கத்துல நின்னு பாத்துக்கங்க.”

அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்தது. செம்பைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். செவந்தி கன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மயிலியின் தலைமாட்டில் குனிந்து நின்றாள். கொட்டிலுக்குள் இருட்டாகத்தான் இருந்தது.

திடீரென்று அவள் கண் கூசியது.

வெள்ளையாக ஒரு வெளிச்சம் பளீரென்று உள்ளே பாய்ந்து, சுவரில் ஓடி, மயிலியின் கண்மேல் விழுந்து, தாவிப் போனது. காற்று அடித்தது. வெளிச்சம் மறுபடியும் வந்தது. மயிலி மிரண்டு காலைத் தூக்கியது. “ஏய்! ஏய்!” என்று செம்போடு பின்னால் சாய்ந்தார் சோலையப்பன்.

“தாத்தா, இங்கிட்டு வாங்க! நான் நிக்கிற எடத்துல நில்லுங்க!”

“எதுக்கு?”

“வாங்களேன்!”

அவர் முனகிக்கொண்டே வந்து நின்றார். வெளிச்சம் அவர் கண்ணில் அறைந்தது. “அடி ஆத்தி!” என்று முகத்தை மூடிக்கொண்டார்.

செவந்தி அதற்குள் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவிட்டாள். கிழக்கே ஏறிய வெயில், மூங்கிலில் ஆடிய தகரச் சூரியனில் பட்டு, நேரே கொட்டிலுக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. சாக்கு எட்டவில்லை. குதித்துப் பார்த்தாள், அப்போதும் எட்டவில்லை. அந்நேரம் பூசணிக்காயைப் பார்க்க வந்த தேனப்பன், கேள்வி கேட்காமல் குனிந்து முதுகைக் காட்டினான். அவள் அதன்மேல் ஏறிச் சூரியனுக்குச் சாக்கைப் போர்த்தினாள்.

கொட்டிலில் கன்று முட்டி முட்டிக் குடித்தது. பிறகு செம்பில் பால் விழும் சத்தம் சர்சர்ரென்று கேட்டது. மயிலி அசையவே இல்லை.

“சாயங்காலம் வெயில் அங்கிட்டுப் போயிருது. அதான் சாயங்காலம் ஒழுங்காக் கறக்குது,” என்றாள் செவந்தி, மூச்சு வாங்க. “கரிக்கோள் மேல எவ்வளவு வெளிச்சம் பட்டாலும் முழுங்கிக்கும் தாத்தா. அதால யாரு கண்ணையும் கூச வைக்க முடியாது.”

சோலையப்பன் நுரை ததும்பும் செம்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எழுந்துபோய்க் கயிற்றைக் கிணற்று உருளையில் திரும்பக் கோத்தார்.

அன்று மத்தியானம் வாத்தியார் சூரியனுக்கு மஞ்சளைக் குழைத்துக் கனமாகப் பூசினார். சூரியன் இப்போதுதான் பார்க்க இன்னும் நன்றாக இருந்தது. கரிக்கோளைச் செங்கல்மேல் தேனப்பனே வைத்தான். “கொஞ்சம் தள்ளியே வைக்கிறேன் செவந்தி, என் வியாழன் இடிச்சிரப் போகுது,” என்றான். கரிச்சி என்று கூப்பிடவில்லை.

கண்காட்சி நாள் வந்தது. காலையில் வந்து பார்த்தால் செங்கல் மறுபடியும் காலி!

செவந்தி இங்கிட்டும் அங்கிட்டும் தேடினாள். கடைசியில் கொட்டில் வாசலைப் பார்த்தாள். நிலைக்கு மேலே, ஒரு சிவப்புத் துணியில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது அவள் கரித்துண்டு.

“தாத்தா! இது எங்க கரிக்கோளாச்சே!”

“இருக்கட்டும். மயிலிக்குக் கண்ணுபடாம இருக்கும்,” என்றார் சோலையப்பன், வைக்கோலை உதறிக்கொண்டே.

“அது கண்ணு கிண்ணெல்லாம் பார்க்காது தாத்தா. சும்மாதான் இருக்கும்.”

“சும்மா இருக்குறது என்ன லேசான வேலையா? ஒங்க சூரியனால முடிஞ்சுச்சா?”

செவந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரிமளத்துப் பிள்ளைகள் வரிசையாக வருவது தூரத்தில் தெரிந்தது. அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஆயிரம் கல் சுற்றுகிறது என்று சொல்லியிருக்கிறாரே வாத்தியார். அவள் வீட்டிலோ ஒரு மூட்டமே இருக்கிறது.