கதவில் ஒட்டிய மூன்று பெயர்கள்

கதவின் உட்புறம் ஒட்டியிருந்த தாளில் மூன்று பெயர்கள் இருந்தன. குடி வந்ததோ இரண்டே பேர். ருக்மணி எழுத்துக் கூட்டி வாசித்தாள். கலியாணசுந்தரம். ஜெயா. கமலவேணி, வயது ஐந்து.

"இவங்கல்லாம் எங்கம்மா?"

"போயிட்டாங்க. எங்கேன்னு கேக்காதே," என்றாள் வீட்டுக்காரி சாரதாம்பாள். "வீடு காலின்னு தெரிஞ்சா ஜப்பான்காரன் எடுத்துக்குவான். உனக்கும் ஜாமீன் நிக்க ஆளில்லே. இனிமே நீதான் ஜெயா, உம்பொண்ணு கமலவேணி. புருஷன் எங்கேன்னு கேட்டா, புக்கிட் பாருவுக்கு மண்ணு வெட்டப் போயிருக்காருன்னு சொல்லு. வேற எதுவும் சொல்லிடாதே."

செமாபோக்கிலிருந்து காஜா பேராங் வரை ஒன்பது வாசல்களில் நின்று பார்த்துவிட்டுத்தான் ருக்மணி இங்கே வந்திருந்தாள். ஜாமீன் இல்லாதவளுக்கு வீடு இல்லை. வீடு இல்லாதவளுக்கு ரேஷன் அரிசி இல்லை. புருஷனை ஜப்பான்காரன் ரப்பர் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. மகள் அஞ்சலைக்குக் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. இன்னும் ஒரு மாதம் வெறும் மரவள்ளிக்கிழங்கில் ஓட்டினால் பிள்ளை தங்காது. அப்படிப்பட்டவள் பெயருக்காக மல்லுக்கு நிற்பாளா?

அன்று முழுக்கப் பிள்ளைக்குப் பாடம் நடந்தது.

"உம் பேரு?"

"கமலவேணி."

"அம்மா பேரு?"

"ருக்கு..."

பளாரென்று ஓர் அறை. ருக்மணிக்குத்தான் கை எரிந்தது.

"அம்மா பேரு ஜெயா. யார் கேட்டாலும் ஜெயா. நானே கேட்டாலும் ஜெயா."

சாயங்காலம், பத்து வீட்டுக்கு ஒருவராக ஜப்பான்காரன் வைத்திருந்த தலைவர் மாணிக்கவாசகம் தலை எண்ண வந்தார். கடிகாரங்களையெல்லாம் ஜப்பானின் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். ஏழு மணி என்றாலும் வாசலில் வெயில் மஞ்சளாகக் கிடந்தது. அவர் பட்டியலைப் பார்த்தாரே தவிர அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜெயா என்றார், அவள் இருக்கேன் என்றாள். கமலவேணி என்றார், பிள்ளை தலையாட்டியது.

"வீட்டுக்காரர்?"

புருஷன் பேச்சை எடுத்தால் தலை தானாகக் குனியும். பெயர் வாயில் வராது. எட்டு வருஷப் பழக்கம். வெளியாள் யார் வந்து கேட்டாலும் எதைச் சொல்லித் தப்புவாளோ, அதுவே இப்போதும் நாக்கில் வந்து நின்றது.

"அவங்க உள்ள இருக்காங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. புக்கிட் பாரு, மண்வெட்டி, எல்லாம் மறந்தே போயிருந்தது.

உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மாணிக்கவாசகம் மூன்று கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். ருக்மணி மண்வெட்டிக் காம்பை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினாள். ஒரே அறை, ஓர் அடுப்படி. ஆள் இல்லை. அடுப்படியில் மட்டும் அப்போதுதான் யாரோ சுருட்டுப் பிடித்து அணைத்த வாடை.

மறுநாளே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் மறுநாள்தான் அரிசி கிடைத்தது, மூன்று பேர் பங்கு. அஞ்சலை கஞ்சியை வழித்துச் சாப்பிட்டதைப் பார்த்தபோது ருக்மணிக்கு அழுகை வந்தது. ஒரு செருமலுக்குப் பயந்து இதை விடுவதா என்று நினைத்துக்கொண்டாள்.

நாட்கள் போயின. பட்டப்பகலில் பலகைத் தரை யாரோ நடக்கிற கனத்தில் வளைந்து வளைந்து நிமிர்ந்தது. அவள் கிணற்றடியில் துணி அலசும்போது உள்ளிருந்து ஓர் ஆணின் தணிந்த குரலும் அதற்குப் பிள்ளை சிரிக்கிற சிரிப்பும் கேட்டன. உள்ளே ஓடினால் அஞ்சலை தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தத் தலையில் ருக்மணி போடாத பின்னல் இருக்கும். வீட்டில் இல்லாத தேங்காயெண்ணெய் அதில் மணக்கும்.

"யாருடி பின்னிவிட்டது?"

"அம்மா."

"நான் பின்னலையே."

பிள்ளை அவளை ஏறிட்டுப் பார்த்தது.

பதினோராம் நாள் மத்தியானம் "அஞ்சலை!" என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. மூன்று தடவை கூப்பிட்டாள். பிறகு "கமலா" என்றாள். உடனே திரும்பியது. போதும். அரிசியும் வேண்டாம், வீடும் வேண்டாம். மூட்டையைக் கட்டி வாசலில் வைத்தாள். பிள்ளையை இழுத்துவர உள்ளே திரும்புவதற்குள் மாணிக்கவாசகம் வந்துவிட்டார். பின்னால் ஒரு ஜப்பானியச் சிப்பாய். எண்ணிக்கை முடியட்டும், அப்புறம் ஓடலாம்.

"ஜெயா."

அவள் வாயைத் திறந்தாள்.

"இருக்கேன்."

அது அவள் குரல் இல்லை. உள்ளேயிருந்து வந்தது.

மாணிக்கவாசகத்தின் பென்சில் நின்றது. தாளைப் பார்த்தார். முதல் தடவையாக அவளைப் பார்த்தார்.

"அப்ப நீ யாரு?"

"ஐயா, நாந்தான்... நான் ருக்மணி! இது எம்புள்ள!"

வாயிலிருந்து குதித்த பெயரை அவளால் திரும்பப் பிடிக்க முடியவில்லை. மாணிக்கவாசகம் குனிந்து பிள்ளையிடம் கேட்டார். "பாப்பா, இது யாரு?"

பிள்ளை கன்னத்தைத் தடவிக்கொண்டது.

"தெரியாது. எங்கம்மா பேரு ஜெயா."

"அஞ்சலை! நாண்டி, உன் அம்மாடி!"

"எங்கம்மா பேரு ஜெயா."

பிள்ளை ஒரு தப்பும் இல்லாமல் சொன்னது. உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது.

சிப்பாய் என்னவோ கேட்டான். மாணிக்கவாசகம் மூன்று விரல் காட்டினார். பிறகு அவளிடம், "பட்டியல்ல மூணு பேரு, மூணும் சரியா இருக்கு. போயிடும்மா. உனக்கு ஜாமீன் சொல்ல இங்க யாருமில்ல," என்றார். சிப்பாய் அவள் முடியைப் பிடித்தான்.

இழுபடுகிற ஒரு கணத்தில் பலகை இடுக்கு வழியாக உள்ளே தெரிந்தது. பிள்ளை சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும், குழியிலிருந்து எழுந்து வந்தாற்போல் உடம்பெல்லாம் மண் அப்பிய ஓர் ஆணும் ஒரு பெண்ணும். நகமெல்லாம் உரிந்துபோன அந்தப் பெண்ணின் கை ஈர மண்ணை உருண்டை உருட்டி நீட்டியது. பிள்ளை வாயை ஆவென்று திறந்து வாங்கி, மென்று, விழுங்கியது.

"இன்னும் வேணுமா, கமலா?"

"வேணும்மா."