கருங்குன்றத்தின் வாயிற்சொல்

அந்தி மங்கி, கிழக்கே எழுந்த முழுமதி கருங்குன்றக் கோட்டையின் அகழி நீரில் வெள்ளியை உருக்கி வார்த்துக்கொண்டிருந்த அந்த இனிய வேளையில், வாயில் மாடத்தில் நின்ற பொன்னாழி மட்டும் அச்சத்தில் தூணை இறுகப் பற்றிக்கொண்டாள். கோட்டைத் தலைவரின் ஒரே மகள் அவள், மதயானைக்கும் வழிவிடாதவள். அவளே அஞ்சினாள் என்றால் காரணம் இல்லாமலா இருக்கும், வாசகர்களே?

கீழே வாயிலை நோக்கி நடந்து வந்தவன் விடங்கன். குதிரை வணிகனாக வந்து, அவளுக்கு வில்வித்தை பழக்கி, அவள் உள்ளத்தையும் சொல்லாமல் கொள்ளாமல் கவர்ந்தவன். அவன் மீது ஐயம் கொண்ட தந்தை, விடிந்ததும் சிறைப்பிடிக்கக் கட்டளையிட்டிருந்தார். பாவி மனிதன் அதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான்!

இருட்டிய பின் கோட்டையைக் கடப்பவர் வாயிற்சொல் கூற வேண்டும். பத்து மலர், பத்துப் பறவை, பத்துப் படைக்கலம், ஒவ்வொன்றிலும் ஒன்று. பத்தைப் பத்தால் பெருக்கி, மீண்டும் பத்தால் பெருக்கினால் ஆயிரம் வழிகள். தவறாகச் சொன்னால் மறுவாய்ப்புக் கிடையாது. வேல் மார்பில் இறங்கும். இந்த ஏற்பாட்டை வகுத்தவளும், அந்திதோறும் சொல்லைத் தேர்ந்தவளும் பொன்னாழியே. ஆயிரத்தில் ஒன்றை எந்த ஒற்றன் ஊகிப்பான் என்று பெருமையடித்துக்கொண்டவள், இப்போது அந்த ஆயிரத்தையே சபித்தாள். சுற்றிலும் காவலர் நிற்க, ஒரு சைகை காட்டவும் வழியில்லை.

வேல்கள் குறுக்கே நீண்டன.

"செருந்தி. அன்றில். வில்" என்றான் விடங்கன், நிதானமாக.

வேல்கள் விலகின.

பொன்னாழிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுகணமே உண்மை உறைத்தது. அவள் நாள்தோறும் சூடுவது செருந்தி. பேசிச் சலிக்காதது அன்றிலைப் பற்றி. அவன் கையிலிருந்து வாங்கியது வில். தேர்ந்தவளின் மனம் தெரிந்தவனுக்கு ஆயிரம் வழிகள் எதற்கு?

பாலத்தைக் கடந்ததும் விடங்கன் வணிக அங்கியைக் கழற்றி எறிந்தான். பகைவரின் படைத்தலைவனுக்கு மட்டுமே உரிய பொற்கடகம் அவன் தோளில் நிலவொளி பட்டு மின்னியது. வில்லாளிகளை அழைக்கத் திரும்பியவள், அழைக்காமலே மீண்டும் பாலத்தை நோக்கினாள். ஒரே ஒருமுறை மாடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் அக்கரை இருளில் மறைந்தான்.

இனி வந்தால் படையோடு வருவான். அவள் மனம் அவனுக்குத் திறந்து கிடக்கும்வரை வாயிலும் திறந்துதான் கிடக்கும். பொன்னாழி தோழி நப்பின்னையின் கையைப் பற்றினாள்.

"ஊர்ச் சபைக்குக் குடவோலை எடுப்பதுபோல, எல்லாப் பெயர்களையும் ஓலையில் எழுதி மூன்று குடங்களில் இட்டுக் குலுக்கிக் கொண்டு வா. இவ்விரவு முதல் வாயிற்சொல்லை என் மனம் தேராது. கண்ணை மூடி என் கை எடுக்கும். கொற்றவை மேல் ஆணை."

குடங்கள் வந்தன. அனைத்தும் அறிந்த நப்பின்னை தயங்கினாள்.

"அவர் தங்களுக்காகவே, தனியாகத் திரும்பி வந்தால், தேவி?"

"அவருக்கும் ஆயிரத்தில் ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டு, பொன்னாழி கண்களை மூடி முதல் குடத்துக்குள் கையை விட்டாள்.