மஞ்சள் துணி கட்டிய முளைகள்

கௌசலா அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தாள். பின்னர் கீழிருந்து மேலே வாசித்தாள். தாளைத் திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தாள். அங்கே ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை.

"என்ன பிள்ளை, எழுத்து விளங்கேல்லையோ?" என்று கேட்டார் தில்லைநாதன். அவர் ஊர் விவசாயிகள் சேர்ந்த இரட்டைப்பாலைக்குளம் கமக்காரர் அமைப்பின் செயலாளர். தம்முடைய கையெழுத்து முத்துப் போன்றது என்பதில் அவருக்கு மிகுந்த பெருமை.

"எழுத்து விளங்குது, மாமா. அம்மாவின்ர பேரைத்தான் காணேல்லை."

நெடுங்கேணிக்கு அப்பால் இருந்த அந்தச் சிறிய ஊருக்கு இம்முறை ஒரு விருது கிடைத்திருந்தது. மண்ணையும் நீரையும் சிறப்பாகப் பாதுகாத்த ஊருக்கான விருது அது. மழை அரித்திருந்த குளக்கட்டை ஊரவர்களே சிரமதானமாக மண் போட்டு உயர்த்தினார்கள். மண் கரையாதிருக்க அதன் சரிவெங்கும் புல் நட்டார்கள். மார்கழி மழையில் அயலூர்க் குளங்கள் இரண்டு உடைப்பெடுத்தன. இரட்டைப்பாலைக்குளம் மட்டும் உடையாமல் நின்றது.

நாளைக் காலையில் பொறியியலாளர் ஸ்ரெல்லா விருதுடன் வருகிறார். கட்டுக்காகப் பாடுபட்டவர்களின் பெயர்ப் பட்டியல் அவர் முன்னிலையில் வாசிக்கப்படும். அதன் பின்னர் அந்தப் பெயர்கள் ஒரு கல்லில் பொறிக்கப்படும். வாசிப்பதற்குத் தரம் ஆறில் படிக்கும் கௌசலாவைத் தெரிவு செய்திருந்தார்கள். ஒலிபெருக்கி இல்லாமலே அவளுடைய குரல், தண்ணீர் திறந்துவிடும் துருசு வரை கேட்கும்.

"அது வயல் பதிவுப் புத்தகத்தைப் பாத்து எழுதின பட்டியல், பிள்ளை" என்றார் தில்லைநாதன். "குளத்துக்குக் கீழ வயல் உள்ள பதினாலு பேர். அம்மாக்கு வயல் இல்லைத்தானே."

"வயல் இல்லை. ஆனா வேலை செய்தவா."

"செய்தவாதான். ஆர் இல்லையெண்டது? எண்டாலும் முறை எண்டு ஒண்டு இருக்குதெல்லே."

அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். கௌசலாவின் காதுகள் இரண்டும் சூடாகின. முறையாம், முறை. புத்தகமா மண் சுமந்தது?

வீட்டில் அவளுடைய அம்மா நேசமலர் ஆடுகளுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். கௌசலா நடந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"கல்லில என்ர பேர் இருந்தால் ஆடு கூடப் பால் தருமோ?" என்று அம்மா கேட்டார்.

"பகிடி விடாதேங்கோ, அம்மா. அப்ப ஏன் அவ்வளவு பாடுபட்டனீங்கள்?"

"கிணத்தை எட்டிப் பார். போன வருசம் இந்த மாசம் வாளி அடியில முட்டினது. இப்ப குனிஞ்சால் தண்ணி. குளம் நிறைஞ்சால்தான் எங்கட கிணறும் நிறையும். எனக்கு அது காணும்." அம்மா கையைத் தட்டிவிட்டு எழுந்தார். "நாளைக்கு நீ வாசிக்கிறதைக் கேக்க வாறன். பின்னுக்கு ஒரு மூலையில நிண்டு கேக்கிறன்."

பின்னுக்கு ஒரு மூலையில். அந்தச் சொற்கள்தாம் கௌசலாவுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் உள்ளங்கைகளில் மண்வெட்டிப் பிடி உண்டாக்கிய காய்ப்புகள் இன்னும் மாறியிருக்கவில்லை. அந்தக் கைகளுக்கு மூலையா இடம்?

அவள் விறுவிறுவென்று குளக்கட்டுக்கு நடந்தாள்.

அந்த ஊரில் கட்டு வேலையைப் பங்கிடுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஏக்கர் வயல் உள்ளவருக்கு மூன்று பாகம் நீளமான கட்டு. இரண்டு கைகளையும் அகல விரித்தால் வரும் நீளமே ஒரு பாகம். ஒவ்வொருவருடைய பங்கும் தொடங்கும் இடத்தில் ஒரு முளை அடித்து, அவரவர் வீட்டுத் துணியில் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டுவார்கள். ஒருவரால் தம்முடைய பங்கைச் செய்ய முடியாமற் போனால், அதைச் செய்து முடிப்பவர் அதே முளையில், முதல் துணிக்குக் கீழே தம்முடைய துணியைக் கட்டுவார்.

அம்மாவின் துணி மஞ்சள் நிறப் பூச்சேலைத் துணி. அது எத்தனை முளைகளில் இருந்தது என்பது கௌசலாவுக்கு நினைவிருந்தது. ஆனால் மழைக்குப் பின்னர் புல் இடுப்பளவுக்கு வளர்ந்து, முளைகள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

புல்லை வெட்டக் கூடாது. வெட்டினால் மண் கரையும். கௌசலா சிறிது நேரம் யோசித்தாள். பின்னர் முதலாவது முளையின் முன்னால் அமர்ந்து, புல்லை இரண்டாக வகிர்ந்து, இருபுறமும் பின்னத் தொடங்கினாள்.

"என்ன, குளக்கட்டுக்குத் தலை இழுத்துப் பின்னுறியோ?"

தூண்டிலுடன் நின்றவன் நிரோஜன். தில்லைநாதனின் மகன். அவளுடைய வகுப்பில்தான் படிக்கிறான்.

"ஓம். ரிபனும் கட்டப்போறன். சும்மா நிக்காமல் வந்து பின்னு."

"எனக்குப் பின்னத் தெரியாது."

"தூண்டில் கட்டத் தெரியுமெல்லோ? அது மாதிரித்தான்."

அவன் வந்து அமர்ந்தான். அவன் பின்னிய பின்னல்கள் எலிவால் போல் இருந்தன. ஆயினும் முளைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சிவப்புத் துணி. கட்டம் போட்ட துணி. பச்சைத் துணி, அதற்குக் கீழே மஞ்சள். வெள்ளைத் துணி, அதற்குக் கீழேயும் மஞ்சள். மஞ்சள் எங்கேயும் மேலே இருக்கவில்லை.

கடைசி முளையில் நீலச் சாரத் துணி கட்டியிருந்தது. அதற்குக் கீழேயும் மஞ்சள்.

நிரோஜனின் கை நின்றது. "இது அப்பாவின்ர" என்றான் மெதுவாக. "கௌசி, இதை மட்டும் புல்லுக்குள்ளயே விடுவமே?"

"ஏன் விடவேணும்?" கௌசலா எழுந்து நின்றாள். "உன்ர அப்பான்ர பேர் பட்டியலில முதலாவது. ஒரு கூடை மண்ணும் போடேல்லை. போட்டவா மூலையில நிக்க வேணும். இது ஞாயமோ?"

"ஞாயமில்லைத்தான். ஆனா அவருக்கு அப்ப உண்மையிலயே நாரிப்பிடிப்பு. இடுப்பை அசைக்கேலாமல், எழும்பி நடக்கேலாமல் கிடந்தவர். நாளைக்கு எல்லாருக்கும் முன்னால அவரைப் பாத்துச் சிரிப்பினம்." அவன் தூண்டிற் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான்.

கௌசலா நீலத் துணியைப் பார்த்தாள். பின்னர் நிரோஜனைப் பார்த்தாள். தன்னுடைய அம்மா மூலையில் நிற்பதை நினைத்தபோது நெஞ்சில் என்ன குத்தியதோ, அதுவே இப்போது அவன் முகத்தில் தெரிந்தது.

அவள் அந்தப் பின்னலை அவிழ்த்துவிட்டாள். கோபம் மட்டும் அவிழவில்லை.

மறுநாள் காலையில் பொறியியலாளர் ஸ்ரெல்லா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஊரவர்கள் கட்டின் கீழே கூடியிருந்தார்கள். நேசமலர் சொன்னபடியே பின்னால், ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தில்லைநாதன் தொண்டையைச் செருமிவிட்டு, "இனிப் பிள்ளை பட்டியலை வாசிப்பா" என்றார்.

கௌசலா எழுந்தாள். அவளுடைய உரத்த குரலைக் காணவில்லை.

"மிஸ், வாசிக்க முதல் ஒருக்காக் கட்டில நடந்து பாப்பமே? ஆர் ஆர் எவ்வளவு வேலை செய்தவை எண்டு அங்க இருக்குது."

"இந்த வெயிலுக்கையோ? மிஸ்ஸுக்குக் கரைச்சல், பிள்ளை" என்றார் தில்லைநாதன்.

"நான் முல்லைத்தீவுக் கடற்கரையில கருவாட்டோட காய்ஞ்ச பிள்ளை, ஐயா. வெயில் ஒண்டும் செய்யாது" என்று சொல்லி ஸ்ரெல்லா முன்னே நடக்க, ஊரவர்கள் பின்னே போனார்கள்.

பின்னல் போட்ட புல்லைக் கண்டதும் அவர் சிரித்துவிட்டார். துணிகளைப் பற்றிக் கேட்டார். கௌசலா வழக்கத்தை விளக்கினாள். ஸ்ரெல்லா ஒவ்வொரு முளையாகக் குனிந்து பார்த்தார். கண்ணில் பட்ட கடைசி முளையில், நான்காவது மஞ்சள் துணியைக் கண்டதும் நின்றார்.

"மற்றவையின்ர வேலையை இவ்வளவு செய்தவாவின்ர சொந்த முளை எங்க?"

"அவாக்கு முளை இல்லை, மிஸ். வயல் இல்லை."

"பட்டியலில பேர் இருக்குதுதானே?"

கௌசலா தாளை நீட்டினாள். ஸ்ரெல்லா வாசித்தார். வாசித்துவிட்டுக் கட்டைத் திரும்பிப் பார்த்தார். "இதில பதினாலு பேர். முளை பதின்மூண்டுதான் எண்ணினனான்."

நிரோஜன் தன் கால்விரல்களை ஆராய்ந்தான். கௌசலா வானத்தைப் பார்த்தாள்.

தில்லைநாதனின் கண்கள் கட்டின் கடைசியில் ஓரிடத்தில் நின்றன. அங்கே புல் இன்னும் அலையலையாக வளைந்திருந்தது. அது பின்னி அவிழ்த்த புல். அவர் சற்று நேரம் அதையே பார்த்தார். பின்னர் நாரியில் கையை ஊன்றி, மெல்ல மெல்லக் குனிந்து, புல்லை விலக்கினார்.

"பதினாலாவது என்ர முளை, மிஸ்" என்றார். "நீலம் நான். கீழ இருக்கிறது நேசமலர் தங்கச்சி. என்ர ஒன்பது பாகத்தையும் அவாதான் கட்டினவா." அவர் கௌசலாவின் பக்கம் திரும்பினார். "இதை மூடிவிட்டது ஆர், பிள்ளை?"

"புல்லு வளர்ந்திட்டுது, மாமா."

தில்லைநாதன் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். "வயல் புத்தகத்தைப் பாத்து எழுதினது என்ர பிழை. கட்டைப் பாத்தெல்லோ எழுதியிருக்க வேணும்."

தம்முடைய பெயருக்கு மேலே, முத்துப் போன்ற எழுத்தில், அவர் ஒரு பெயரை எழுதினார்.

கௌசலாவின் குரல் திரும்பி வந்தது. அவள் முதலாவது பெயரை வாசித்தபோது, துருசில் இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. பின்னால் நின்ற நேசமலரை ஊரவர்கள் முன்னே தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆடும் கூடவே வந்தது. அம்மாவின் கழுத்தில் விழுந்த மாலையில் பாதியை அதுதான் தின்றது.

அடுத்த ஆவணியில் கட்டு வேலை தொடங்கியபோது, பதினைந்து முளைகள் அடிக்கப்பட்டன. புதிய முளையின் உச்சியில் மஞ்சள் துணி பறந்தது.

"பேரைத் தந்து வேலையையும் தந்திட்டினம்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அம்மா மண்வெட்டியை எடுத்தார்.

நீலத் துணி கட்டிய முளையில் அம்முறை வேறு துணி இருக்கவில்லை. அந்த ஒன்பது பாகம் கட்டு மட்டும் மூன்று நாட்களாக நாரித் தைலம் மணத்தது.