ஹம்சாவின் ராசிக் கால்

ஹம்சா பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால்தான் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு பறந்துவிடும் என்று மயிலாப்பூரில் அந்தத் தெருவே நம்பியது. யாருக்காவது இடுப்புப் பிடித்துக்கொண்டால் போதும், "ஹம்சா, ஒரு மிதி மிதிச்சுட்டுப் போடி!" என்று கூப்பிட்டுவிடுவார்கள். மிதித்தால் கடலை உருண்டை கிடைக்கும். பத்து வயதிலேயே டாக்டராகிவிட்டதாக அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு நாள் சாயங்காலம், அவளோடு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த அறிவு, பந்தைப் பிடிக்க ஓடிக் கால் பிசகி விழுந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் பன்னு மாதிரி வீங்கிவிட்டது.

தெருமுனையில் பூ விற்றுக்கொண்டிருந்த அவன் அம்மா தேவானை ஓடிவந்தாள்.

"இன்னா நைனா ஆச்சு? ஹம்சா, சீக்கிரம் மிதிம்மா!"

ஹம்சா காலைத் தூக்கினாள். கட்டைவிரல் பட்டதுமே அறிவு, "அம்மா!" என்று அலறினான். இடுப்புப் பிடித்தவர்கள் யாரும் இப்படி அலறியதில்லை. அவள் சட்டென்று காலை எடுத்துக்கொண்டாள்.

"மாட்டேன்க்கா. அவனுக்கு ரொம்ப வலிக்கறது."

"ஊருக்கெல்லாம் மிதிக்கிற. எம் புள்ளைன்னா மட்டும் மாட்டியா?"

ஹம்சா திரும்பி வீட்டுக்கு ஓடினாள்.

"பாரு, ஓடியே பூட்டா!" என்றாள் தேவானை.

ஆனால் போன வேகத்திலேயே ஹம்சா திரும்பி வந்தாள். கையில் ஒரு துண்டு, அதற்குள் ஐஸ் கட்டிகள்.

"எங்காத்து ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்துண்டு வந்தேன். அண்ணாவுக்கு அடிபட்டப்போ அம்மா இப்படித்தான் வெச்சா. டேய் அறிவு, காலை ஊனாதே. டாக்டர்கிட்ட போயிடலாம்."

டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார், கணுக்காலையும் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார்.

"எலும்பு உடையலை. ஆனா எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கிற நார் இருக்கே, லிகமென்ட், அது கொஞ்சம் கிழிஞ்சிருக்கு. கட்டுப் போட்டு ஓய்வு குடுத்தா சரியாயிடும். நல்லவேளை, யாரும் உருவலை, மிதிக்கலை. மிதிச்சிருந்தா இன்னும் கிழிஞ்சிருக்கும்."

தேவானையின் முகம் வாடிவிட்டது. ஹம்சாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏதோ வாயில வந்ததப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத கண்ணு."

"இல்லக்கா" என்றாள் ஹம்சா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

சில வாரங்கள் கழித்து அறிவு நன்றாக நடந்து ஹம்சா வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பொட்டலம். பிரித்தால், உள்ளே கடலை உருண்டை!

"எங்கம்மா குடுக்கச் சொல்லுச்சு."

"நான்தான் மிதிக்கவே இல்லையே!"

"அதுக்குத்தான்!" என்று சிரித்தான் அறிவு.