பச்சைக் கல்லுக்குள் தண்ணீர்

வீராயி உடைத்த கல்லுக்குள் பாம்பு இருந்ததாம். முதலில் அப்படிச் சொன்னவள் பவுனம்மாள். எடமலைப்பட்டி புதூர் ஜல்லிக் களத்தில் பவுனம்மாள் ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

அது 1962-ஆம் வருஷம். பொங்கலுக்கு இரண்டு வாரம் இருந்தது. ஸ்ரீரங்கம் போகிற சாலைக்கு ஜல்லி கேட்டிருந்தார்கள். உள்ளூர்க் கல் போதவில்லை. சேலம் பக்கத்திலிருந்து இரண்டு லாரிக் கல்லைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார் மேஸ்திரி தங்கையன். அந்தக் கல்லின் மேலெல்லாம் துருப்பிடித்த நிறம். உள்ளே என்ன நிறம் என்று உடைத்தால்தான் தெரியும்.

வீராயி சம்மட்டியை ஓங்கி ஒரு போடு போட்டாள். கல் இரண்டாகப் பிளந்தது. நடுவில் கறுப்பு. அதைச் சுற்றி வளைந்து வளைந்து பச்சைப் பட்டை. பட்டையின்மேல் செதில் செதிலாகக் கோடுகள். தொட்டால் சோப்பு மாதிரி வழுக்கியது.

“ஆத்தாடி!” என்று பவுனம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள். “செதிலப் பாரு! வழவழப்பைப் பாரு! உள்ள படுத்திருந்த நாகத்தை ரெண்டாப் பொளந்துட்டாளே!”

மறுநாள் பவுனம்மாள் தன் கட்டைவிரலிலேயே சுத்தியலைப் போட்டுக்கொண்டாள். அது பாம்பின் வேலை. அன்று மாலை லாரி டயர் பஞ்சர் ஆனது. அதுவும் பாம்பின் வேலைதான். டயரில் குத்தியிருந்த ஆணியைப் பற்றி யாரும் பேசவில்லை.

யாரும் பவுனம்மாளைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் கரும்புக் கொல்லையில் அவள் புருஷனைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் மனுஷன் போய்விட்டான். எல்லாருக்கும் அது தெரியும்.

“மூணு வெள்ளிக்கிழமை புத்துக்குப் பால் ஊத்தட்டும்” என்றாள் பவுனம்மாள். “அதுவரைக்கும் வீராயி நம்ம தட்டிக்குள்ள உக்கார வேணாம். தண்ணிப் பானையிலயும் கை வைக்க வேணாம்.”

தட்டி என்றால் பனை ஓலையில் பின்னிய பெரிய மறைப்பு. இரண்டு மூங்கில் முட்டுக் கொடுத்து நிறுத்தினால் அதன் நிழலில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து ஜல்லி உடைக்கலாம். தட்டி பவுனம்மாளுடையது. பானையும் அவளுடையது.

மேஸ்திரி தங்கையன் தலையைச் சொறிந்தார். “எங்க உக்காந்தா என்ன? கல்லு ஒடைஞ்சா சரி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீராயி தன் சுத்தியலையும், கல்லைப் பிடித்துக்கொள்கிற சைக்கிள் டயர் வளையத்தையும் எடுத்துக்கொண்டு வெயிலில் போய் உட்கார்ந்தாள்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் இருளாயி, பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் களத்துக்கு வந்துவிடுவாள். அன்றைக்கும் வந்தாள். அம்மாவின் பிடரி அடுப்பில் வைத்த சட்டி மாதிரி கறுத்துச் சிவந்திருந்தது. உதடு வெடித்திருந்தது.

“அம்மா, ஏன் இங்க உக்காந்திருக்கே?”

“காத்து வாங்குறேன்.”

“தண்ணி குடிச்சியா?”

வீராயி குனிந்துகொண்டாள். கல்லை வளையத்துக்குள் வைத்து ‘ணங்’ என்று ஒன்று போட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் முழுக் கதையும் வந்தது. இருளாயி அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“நீ பாம்பைப் பொளந்தியாம்மா?”

“போடி. பாம்பு கடிக்கும், சீறும். கல்லு எங்கேயாவது சீறுமா?” என்றாள் வீராயி. கொஞ்ச தூரம் நடந்தபின் நின்றாள். “ஆனா ஒண்ணுடி. நடுவுல கறுப்புல போட்டா ணங்குங்குது. ஓரத்துப் பச்சையில போட்டா தொப்புங்குது. ஒரே கல்லு ரெண்டு குரல்ல பேசுது. இருபது வருஷமா கல்லு ஒடைக்கிறேன், இந்த மாதிரி கேட்டதில்லை.”

மடியிலிருந்து ஒரு சில்லை எடுத்து மகளிடம் கொடுத்தாள். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் பச்சை. இருளாயி அதைப் பாவாடை முடிச்சில் கட்டிக்கொண்டாள்.

அடுத்த நாலு நாளும் வீராயி வெயிலில்தான் உட்கார்ந்தாள். புதுக் கல்லை அவள் மட்டுமே உடைத்தாள், பல கல்லிலும் அதே பச்சை; மற்றவர்கள் பயந்து உள்ளூர்க் கல்லோடு நின்றுகொண்டார்கள். வீட்டிலிருந்தே ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோனாள். பத்து மணிக்கே அது சுடுதண்ணீர் ஆகிவிடும்.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்க ஏற்பாடு நடந்தது. பியூன் அழகிரி ஒரு பழைய தொட்டியில் சுண்ணாம்புக் கட்டிகளைக் கொட்டி, வாளியில் தண்ணீரைத் தூக்கினார்.

“எல்லாம் தள்ளி நில்லுங்க! கண்ணுல தெறிச்சா பார்வை போயிடும்” என்று கத்திவிட்டுத் தண்ணீரை ஊற்றினார்.

தொட்டி புஸ்ஸென்று சீறியது. ஆவி பறந்தது. பாறை மாதிரி இருந்த கட்டிகள் வெடித்தன, உப்பின, மாவாகக் குழைந்தன. அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்தது.

சரியாக நனையாத ஒரு கட்டி தொட்டியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. சூடு ஆறியபின் அழகிரி அதைக் குச்சியால் தட்டி உடைத்தார். வெளியே மெத்தென்று மாவு. வெடிப்பு போன வழியெல்லாம் மாவு. நடுவில் மட்டும் பழைய கெட்டிக் கல்.

இருளாயி பாவாடை முடிச்சை அவிழ்த்துத் தன் சில்லைப் பார்த்தாள். கட்டியைப் பார்த்தாள். மறுபடியும் சில்லைப் பார்த்தாள். பிறகு ஓடினாள், பேட்ரிசியா டீச்சரிடம்.

“டீச்சர், கல்லுக்குள்ள தண்ணி போகுமா?”

“எனக்குத் தெரியலையே, இருளாயி. நான் படிச்சது தமிழும் கணக்கும்.”

“அப்ப யாருக்குத் தெரியும்?”

“என் தம்பி மெட்ராஸ் காலேஜ்ல கல்லைப் பத்தித்தான் படிக்கிறான். லீவுக்கு வந்தா அவன் பையில துணியே இருக்காது, கல்லாத்தான் இருக்கும். ஏன் கேக்கிறே?”

இருளாயி எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் சில்லை வாங்கிப் பார்த்தார். பாதியை உடைத்துக் காகிதத்தில் மடித்தார். “இதைத் தம்பிக்கு அனுப்புறேன். பதில் வர நாளாகும்” என்றார்.

அதுவரை அம்மாவின் பிடரி தாங்காது. இருளாயி அழகிரியிடம் கெஞ்சி அந்தப் பாதி வெந்த கட்டியை வாங்கினாள். ஆறிப்போனதுதான் என்றாலும் கையால் தொடக் கூடாது என்று அவர் அதைக் காகிதத்தில் சுற்றி, அதற்குமேல் ஓலையிலும் கட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம் களத்தில் அவள் நேராகப் பவுனம்மாள் முன்னால் போய் நின்றாள்.

“பெரியம்மா, இந்தக் களத்துல கல்லைப் பாத்தவுடனே எங்க வெடிப்பு இருக்குன்னு சொல்றது நீங்கதானே?”

“அதுல என்னடி சந்தேகம்?”

“புதுக் கல்லுல வெடிப்பு இருக்கிறதா ஒண்ணு எடுத்துக் குடுங்க.”

பவுனம்மாள் முறைத்தாள். ஆனாலும் கண் அதன் வேலையைச் செய்துவிட்டது. குவியலில் ஒரு கல்லைக் காலால் உருட்டிவிட்டாள். “இதுல ரெண்டு வெடிப்பு. ஒண்ணு குறுக்கால, ஒண்ணு நெடுக்க.”

“வெடிப்பு போற வழியில பச்சை இருக்கும். வெடிப்பு இல்லாத எடத்துல கறுப்பா இருக்கும். ஒடைச்சுப் பாருங்க.”

“நான் மாட்டேன்மா. பாம்பு!”

“பெரியம்மா, கல்லுக்கு ஒரு பாம்பா இத்தனை பாம்பு எங்கேருந்து வந்துச்சு? ரெண்டு லாரியும் பாம்பா?”

தட்டிக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பவுனம்மாள் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். சம்மட்டியைத் தூக்கினாள், கண்ணை மூடிக்கொண்டாள், போட்டாள்.

கல் பிளந்தது. குறுக்கே ஒரு பச்சைக் கோடு. நெடுக்க ஒரு பச்சைக் கோடு. மற்றதெல்லாம் கறுப்பு.

பவுனம்மாள் ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இன்னொன்றையும்.

இருளாயி ஓலையைப் பிரித்துச் சுண்ணாம்புக் கட்டியைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். “இதையும் பாருங்க. தண்ணி பட்ட எடம் உப்பி மெத்துனு ஆயிருக்கு. படாத எடம் அப்படியே இருக்கு. அந்தக் கல்லும் இப்படித்தான்னு நெனைக்கிறேன். மொதல்ல மொத்தமும் கறுப்பு. வெடிப்பு வழியா தண்ணி போயி ஓரத்தைப் பச்சையா மாத்திடுச்சு.”

“சுண்ணாம்பு நிமிஷத்துல வேகும். கல்லு வேகுமா?”

“கல்லு பூமிக்கு அடியில இருந்துச்சு பெரியம்மா. அதை யாரு அவசரப்படுத்தினா?”

பவுனம்மாள் குனிந்து பச்சைக் கோட்டைச் சுத்தியலால் தட்டினாள். தொப். கறுப்பில் தட்டினாள். ணங். மறுபடியும் தொப், மறுபடியும் ணங். கல்லின் குரல் தெரிந்தவள் அவள். சுத்தியலைக் கீழே வைத்தாள்.

“பாம்பு இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்” என்றாள் கடைசியில். பிறகு எழுந்து தட்டியின் ஒரு முட்டு மூங்கிலைப் பிடுங்கினாள். “என்னடி பாத்துக்கிட்டு நிக்கிறே? அந்தப் பக்கத்து மூங்கிலைப் பிடி.”

இரண்டு பேருமாகத் தட்டியை நகர்த்தினார்கள். நிழல் ஊர்ந்து போய் வீராயியின் பிடரியைத் தொட்டது. வீராயி நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த கல்லை எடுத்தாள்.

மேஸ்திரி வந்து பிளந்த கல்லைப் பார்த்தார். “பச்சையைத் தனியாப் போடுங்க. ரோட்டுல போட்டா பஸ் ஏறி மாவாயிடும்” என்றார். பாம்பைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை.

நிழல் கிடைத்தது. ஆனால் வீராயி மறுநாளும் வீட்டிலிருந்துதான் சொம்பு கொண்டுவந்தாள். அதற்கு மறுநாளும் அப்படியே. பவுனம்மாளின் பானைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. பவுனம்மாள் கூப்பிடவும் இல்லை. ஆனால் அந்தச் சொம்பை அவள் ஓரக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று மெட்ராசிலிருந்து டீச்சர் தம்பியின் கடிதம் வந்தது. சாயங்காலம் இருளாயி அதைக் களத்தில் எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள்.

“‘அன்புள்ள தங்கை இருளாயிக்கு. நீ நினைத்தது சரி. பூமிக்கு அடியில், சூடான இடத்தில், வெடிப்பு வழியாகத் தண்ணீர் போய் அந்தக் கல்லை மாற்றியிருக்கிறது. அதற்குப் பல்லாயிரம் வருஷம்கூட ஆகும். சுண்ணாம்பு வேறு, இது வேறு. ஆனால் இரண்டையும் மாற்றியது தண்ணீர்தான். தண்ணீர் கல்லை நனைத்ததோடு போகவில்லை. கல்லோடு சேர்ந்து கல்லாகவே ஆகிவிட்டது. நல்ல பச்சைக் கல்லின் எடையை எட்டுப் பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு தண்ணீர். வெயிலில் எத்தனை நாள் போட்டாலும் அது வெளியே வராது.’”

“எட்டுல ஒண்ணா!” என்றாள் வீராயி. கையிலிருந்த கல்லை ஒருமுறை தூக்கிப் பார்த்தாள்.

“இன்னும் இருக்கும்மா. ‘இந்தக் கல்லுக்கு செர்பென்டினைட் என்று பேர். வெள்ளைக்காரர்களுக்கும் இதைப் பார்த்தால் பாம்புத் தோல் மாதிரித்தான் தெரிந்திருக்கிறது. செர்பென்ட் என்றால் அவர்கள் பாஷையில் பாம்பு; அதனால் பாம்பை வைத்தே பேர் வைத்துவிட்டார்கள்.’”

களம் முழுக்கச் சிரித்தது. பவுனம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். “கேட்டுக்கிட்டீங்களா? படிச்ச வெள்ளைக்காரனுக்கே பாம்பாத் தெரிஞ்சிருக்கு. நான் சொன்னா மட்டும் சிரிக்கிறீங்க!”

வீராயியும் சிரித்தாள். பத்து நாளைக்கு மேல் ஆயிற்று அவள் சிரித்து. சிரித்துக்கொண்டே சொம்பை எடுத்துச் சாய்த்தாள். காலி.

பவுனம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். பானையில் தம்ளரை முக்கி, வழிய வழியக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

“கல்லுக்கே தண்ணி கெடச்சிருக்கு. நான் ஒனக்குக் குடுக்காம இருந்துட்டேனே, வீராயி.”

வீராயி தம்ளரை வாங்கினாள். ஒரே மூச்சில் குடித்தாள். வெறும் தம்ளரைத் திருப்பி நீட்டினாள்.

“இன்னொண்ணு குடுங்கக்கா. பத்து நாள் பாக்கி இருக்கு.”